முடிந்த வழக்கைத் திறக்கும் கதைகள்

ஒரு கொலை நடந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. தண்டனை பெற்ற பெண் சிறையிலேயே இறந்துபோனாள். இனிமேல் துரத்திப் பிடிக்க ஆளில்லை, காப்பாற்றவும் ஆளில்லை, அடுத்த கொலை நடக்குமோ என்ற பயமும் இல்லை. அப்படியிருந்தும் அகதா கிறிஸ்டியின் ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலைப் பாதியில் மூடி வைப்பது கடினம். 1942இல் அமெரிக்காவில் ‘மர்டர் இன் ரெட்ராஸ்பெக்ட்’ என்ற பெயரில் வந்த நாவல் அது. அதில் ஹெர்க்யூல் புவாரோ ஒரு தடயத்தைக்கூடக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆட்களைத் தேடிப் போய்ப் பேசுகிறார், அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார், யோசிக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் படிப்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது.

பழைய குற்றத்தை மறுபடி எடுத்து விசாரிக்கும் இத்தகைய நாவல்கள் துப்பறியும் இலக்கியத்தில் தனி வகையாக வளர்ந்திருக்கின்றன. இங்கிலாந்தில் தொடங்கி சுவீடன், அயர்லாந்து, கொலம்பியா, ஜப்பான் என்று பல நாட்டு எழுத்தாளர்கள் இதில் கை வைத்திருக்கிறார்கள். எல்லாம் நடந்து முடிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. புதிரை விடுவிக்கும் ஆர்வத்திலிருந்து என்பது ஒரு விடை. மனித நினைவை நம்ப முடியாததிலிருந்து என்பது இன்னொன்று. காலக்கெடுவும் அறிவியலும் தரும் நெருக்கடியிலிருந்து என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருப்பதாக நான் நம்புகிறேன். ஒவ்வொரு பழைய தீர்ப்பின் மேலும் உயிரோடிருக்கும் சில மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். தீர்ப்பை அசைத்தால் அந்த வாழ்க்கைகளும் அசையும். சிறந்த நாவல்கள் நம்மைக் கட்டிப்போடுவது அந்த அசைவால்தான்.

முக்கியமான நாவல்களை எடுத்துக்கொண்டு இந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குற்றவாளி யார் என்பதை எங்கும் சொல்லப்போவதில்லை. இனிமேல் படிக்கப்போகிறவர்களின் இன்பம் கெடாது.

ஒரு இரவுச் சட்டையிலிருந்து

இந்த வகையின் வேர் ஓர் உண்மை வழக்கில் இருக்கிறது. 1860ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில் இரவில் தூங்கிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பையன் கொலை செய்யப்பட்டான். லண்டனிலிருந்து வந்த துப்பறியும் அதிகாரி ஜொனதன் விச்சர், சலவைக்குப் போட்ட துணிக் கணக்கில் ஓர் இரவுச் சட்டை குறைவதைக் கவனித்தார். பையனின் வேறு தாய்க்குப் பிறந்த அக்காள், பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸ் கென்ட் மீது அவருக்குச் சந்தேகம் விழுந்தது. கௌரவமான குடும்பத்துப் பெண்ணைச் சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த போலீஸ்காரர் குற்றம் சாட்டுவதா என்று நாடே கொதித்தது. அவள் விடுவிக்கப்பட்டாள், விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1865இல், அவளே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இந்த வழக்கின் முழுக் கதையையும் கேட் சம்மர்ஸ்கேல் 2008இல் ‘தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்’ என்ற நூலில் எழுதினார்.

காணாமல் போன அந்தச் சட்டை, 1868இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவலுக்குள் புகுந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேய அதிகாரி ஒருவன் கவர்ந்து சென்ற வைரம், பிறகு ஓர் ஆங்கிலேய வீட்டில் திருடுபோகிறது. அந்த வீட்டில் புதிதாக வண்ணம் பூசிய கதவில் சிறிய தீற்றல் ஒன்று இருக்கிறது. உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி அதை அற்பம் என்று ஒதுக்குகிறார். சார்ஜன்ட் கஃப் மட்டும் அதன் முன் நின்று, வண்ணம் காய எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்கிறார். எந்த நேரத்துக்கு முன்பு யாருடைய உடையோ அதில் உரசியிருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கணக்காகிறது. வண்ணக் கறை படிந்த இரவுச் சட்டை யாருடையது என்ற கேள்வி கதையை இழுத்துச் செல்கிறது.

இந்த நாவல் பின்னால் வந்தவர்களுக்கு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. நடந்ததை ஒருவரே சொல்லாமல், பார்த்தவர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதுவது ஒன்று. ஓராண்டு கழித்து அதே வீட்டில், அதே அறையை அதே மாதிரி ஒழுங்குசெய்து, அந்த இரவை மறுபடி நடத்திப் பார்ப்பது இன்னொன்று. பழைய குற்றத்தை அறிவுபூர்வமாகத் திரும்ப நிகழ்த்த முடியும் என்ற எண்ணம் நாவல் உலகில் இங்கேதான் வலுவாக வேரூன்றியது.

படுக்கையில் கிடந்தபடி ஒரு விசாரணை

புதிரின் இன்பத்தை அதன் தூய வடிவில் தருவது ஜோசஃபின் டேயின் ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ (1951). ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஆலன் கிரான்ட் கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். பொழுது போகாத அவருக்கு நடிகையான தோழி ஒருத்தி பழைய ஓவியங்களின் பிரதிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அதில் ஒரு முகத்தைப் பார்த்ததும் இது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் முகமா, நீதிபதி நாற்காலியில் இருக்கும் முகமா என்று யோசிக்கிறார். நீதிபதி என்றே அவருக்குத் தோன்றுகிறது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட். 1483இல் அண்ணன் பிள்ளைகள் இருவரை லண்டன் கோபுரத்தில் கொன்றதாகப் பள்ளிப் பாடம் சொல்லும் அதே ரிச்சர்ட்.

அங்கிருந்து கிரான்ட் ஒரு போலீஸ்காரர் கேட்க வேண்டிய கேள்விகளையே கேட்கிறார். அப்போது யார் எங்கே இருந்தார்கள்? இறப்பால் யாருக்கு லாபம்? பிள்ளைகளின் தாய் அதன் பிறகு எப்படி நடந்துகொண்டாள்? எல்லோரும் சான்றாகக் காட்டும் தாமஸ் மோரின் வரலாற்றைப் படிக்கும்போது, அந்த மோருக்கு 1483இல் ஐந்து வயதுதான் என்று கணக்குப் போடுகிறார். நேரில் பார்த்தவர் சொன்னதாக நாடு நம்பியது கேள்விச் சாட்சியம் என்று தெரிந்த அந்த நிமிடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்காருகிறார். துரத்தலும் துப்பாக்கியும் தராத பரபரப்பை ஒரு பிறந்த ஆண்டு தந்துவிடுகிறது. 1990இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் தேர்ந்தெடுத்த நூறு சிறந்த நாவல்களில் இதற்கு முதலிடம் கிடைத்தது.

டே தன் முடிவுக்குச் சாதகமான சான்றுகளையே அதிகம் அடுக்கினார் என்ற குற்றச்சாட்டு வரலாற்றாசிரியர்களிடம் உண்டு. அது நியாயமானது. ரிச்சர்டுக்கு எதிரான சந்தேகத்தைப் பலர் இன்றும் கைவிடவில்லை. ஆனால் நாவல் கற்றுத்தரும் பாடம் அதனால் பழுதாகவில்லை. ஒரு செய்தி நம்மிடம் வந்து சேரும்போது அதை யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்காகச் சொன்னது என்று கேட்கும் பழக்கம்தான் அந்தப் பாடம்.

ரிச்சர்டின் வழக்கில் பிறகு நடந்தது நாவலை மிஞ்சியது. 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. தாய்வழி டி.என்.ஏ. உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு அவர்தான் என்று உறுதிசெய்தவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1984இல் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான்.

டே காட்டிய பாதையில் காலின் டெக்ஸ்டர் 1989இல் ‘தி வென்ச் இஸ் டெட்’ எழுதினார். வயிற்றுப் புண்ணோடு மருத்துவமனையில் படுத்திருக்கும் இன்ஸ்பெக்டர் மோர்ஸ், 1859இல் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நடந்த கொலையைப் பற்றிய சிறுநூலைப் படித்து, தூக்கிலிடப்பட்ட படகுக்காரர்கள் உண்மையிலேயே குற்றவாளிகளா என்று சந்தேகிக்கிறார். 1839இல் ஸ்டாஃபர்ட்ஷயர் கால்வாயில் படகில் பயணம் செய்த கிறிஸ்டினா காலின்ஸ் என்ற பெண்ணின் கொலைதான் இதன் மூலம். குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குறுவாள் விருதும் இந்நாவலுக்குக் கிடைத்தது.

உடையார்குடியின் குற்றப்பட்டியல்

டேயின் நாவலைத் தமிழ் வாசகர் படிக்கும்போது இன்னொரு பெயர் தானாக மனதில் எழும். அது ஆதித்த கரிகாலன். டே தன் நாவலை வெளியிட்ட அதே காலத்தில், 1950 முதல் 1954 வரை, கல்கி வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்துகொண்டிருந்தது. அங்கேயும் அரியணைக்கு உரிய இளவரசன் ஒருவன் கொல்லப்படுகிறான். வரலாற்றில் சந்தேகம் போய் நிற்பது அங்கேயும் சிற்றப்பன் முறையில் இருப்பவர் மீதுதான்.

இந்த வழக்கின் எழுத்துச் சான்று காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிமுதலான செய்தியும் அதில் வருகிறது. இருவருக்குப் பிரம்மாதிராஜன் என்ற பட்டம் இருக்கிறது. அரசாங்கத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர்கள் என்று அதனால் தெரிகிறது. கொலை நடந்தது ஏறத்தாழ 969இல். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். நடுவில் ஆண்டவர் அந்தச் சிற்றப்பன், உத்தமசோழர்.

வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இந்த இடைவெளியைச் சந்தேகத்துடன் பார்த்தார். உத்தமசோழருக்கு அரியணை ஆசை இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலிருந்து எடுத்துக்காட்டி, கொலையில் அவருக்குப் பங்கிருக்கலாம் என்ற முடிவுக்குப் போனார். பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் கடுமையாக மறுத்தார்கள். கல்வெட்டு நில விற்பனையையும் தானத்தையும் பற்றிப் பேசுகிறது, தண்டனை முதன்முதலில் எப்போது கொடுக்கப்பட்டது என்று அது சொல்லவில்லை, பிறகு எப்படி உத்தமசோழரைக் கூண்டில் ஏற்றுவது என்பது அவர்களின் வாதம். கல் ஒன்றுதான், எழுத்தும் மாறவில்லை. படிக்கும் முறை மாறும்போது ஒரு மன்னர் குற்றவாளியாகிறார், அல்லது விடுதலையாகிறார். கல்கி இந்த வழக்கில் தீர்ப்பு எழுத மறுத்தார். இருட்டறையில் நடந்ததை யார் செய்தது என்று திட்டமாகச் சொல்லாமல் விட்டார். அந்த மௌனத்தால்தான் தமிழ் வாசகர்கள் மூன்று தலைமுறையாக அந்தக் கொலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து பேர் சொன்ன ஒரே நாள்

காகிதமும் கல்லும் பேசாத இடத்தில் மனிதர்கள்தான் சாட்சி. ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ இதற்குச் சிகரமான எடுத்துக்காட்டு. ஓவியர் அமியாஸ் க்ரேல் விஷம் கலந்து கொல்லப்படுகிறார். மனைவி கரோலின் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. இருபத்தொரு வயது நிரம்பியதும் மகள் கார்லாவின் கைக்குத் தாய் எழுதிவைத்த கடிதம் வருகிறது. தான் நிரபராதி என்கிறது கடிதம். திருமணத்துக்கு முன் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று அவள் புவாரோவிடம் வருகிறாள்.

புவாரோ முதலில் வக்கீல்களையும் போலீஸ் அதிகாரியையும் பார்க்கிறார். எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: அவள்தான் செய்தாள். பிறகு அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரையும் சந்தித்து, நினைவில் இருப்பதை எழுதித் தரச் சொல்கிறார். ஒரே நாள் ஐந்து தடவை எழுதப்படுகிறது. ஒருவருக்குக் கரோலின் பொறாமை பிடித்தவள், இன்னொருவருக்குச் சாது, மற்றொருவருக்கு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட அக்காள். யாரும் பொய்யைத் திட்டமிட்டு அடுக்கவில்லை என்றே படிக்கும்போது தோன்றுகிறது. அவரவர் பாசமும் வெறுப்பும் அந்த நாளுக்கு வேறு வேறு நிறம் கொடுத்திருக்கின்றன.

இதில் ஓர் இடத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது வெளியே இருப்பவர் காதில் துண்டாக விழுகிறது. யாரோ ஒருத்தியின் பயணத்தைப் பற்றிய பேச்சு, ஆனால் பெயர் இல்லை. அந்தப் பெண் யார் என்பதில் கேட்டவருக்குச் சந்தேகமே எழவில்லை. போலீஸும் நீதிமன்றமும் அப்படியே எடுத்துக்கொண்டன, வாசகரும் எடுத்துக்கொள்கிறார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு புவாரோ மட்டும், அது வேறு பெண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்கிறார். புதிய தடயம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாட்சிகள் சொன்ன சம்பவங்களும் இடம் மாறவில்லை. பொருள் மட்டும் தலைகீழாகிறது. துப்பறியும் இலக்கியத்தில் இதைவிட நேர்மையான தந்திரத்தை நான் பார்த்ததில்லை.

நினைவைப் பற்றி உளவியல் பிறகு கண்டறிந்ததோடும் இது ஒத்துப்போகிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்களைவிட, நொறுங்கும்படி மோதியபோது என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் இந்த இரண்டாம் குழுவில்தான் அதிகம். கேள்வியே நினைவுக்குள் புகுந்து அதைத் திருத்தி எழுதிவிடுகிறது.

காலம் நினைவை மங்கச் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது சில கட்டுகளை அவிழ்த்தும் விடுகிறது என்பதைக் கிறிஸ்டி கண்டுகொண்டார். அன்று வீட்டுக்குப் பயந்து பேசாதிருந்த வேலைக்காரி இன்று வேறு ஊரில் நிம்மதியாக இருக்கிறாள். அன்று காதலில் கண் மறைந்திருந்தவனுக்கு இன்று வயதாகிவிட்டது. நடந்த அன்று யாருக்கும் கிடைக்காத வாக்குமூலம் பிறகு வருகிறவருக்குக் கிடைக்கக் காரணம் இதுவே.

கூட்டத்தில் எதிர்ப்பக்கம் பார்த்த பெண்

ஸ்டீக் லார்சனின் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ அவர் இறந்த மறு ஆண்டு, 2005இல், சுவீடனில் வெளிவந்தது. 1966இல் காணாமல் போன ஹாரியட் வாங்கர் என்ற பதினாறு வயதுப் பெண்ணை அவளுடைய தாத்தாவின் சகோதரரான முதியவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தேடுகிறார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்குச் சட்டமிட்ட உலர்மலர் ஒன்று பெயரில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. வழக்கை மறுபடி பார்க்க வரும் பத்திரிகையாளர் ப்ளூம்க்விஸ்ட், உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய புகைப்பட நெகடிவ்களைப் புரட்டுகிறார். ஊர்வலம் பார்க்கும் கூட்டத்தின் படத்தில் எல்லோரும் கோமாளிகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஹாரியட் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறாள். முகம் வெளிறியிருக்கிறது.

அவள் பார்த்தது என்ன? அந்தப் படத்தில் அதற்கு விடை இல்லை, ஏனென்றால் அவள் பார்த்த இடம் கேமராவின் முதுகுப்புறம் இருக்கிறது. கூட்டத்தில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் கையில் கேமரா இருப்பதை ப்ளூம்க்விஸ்ட் கவனிக்கிறார். அந்தப் பெண் எடுத்த படம் கிடைத்தால் ஹாரியட் கண்டதைத் தானும் காணலாம். முன்பின் தெரியாத ஒரு பயணியை, ஒரு காரில் ஒட்டியிருந்த எழுத்தை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கிளம்புகிறார். நாவலில் வன்முறை நிறைய இருக்கிறது. ஆனால் மறக்க முடியாத பகுதி நிழற்படங்களைப் பார்க்கும் இந்தப் பகுதிதான்.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1981இல் எழுதிய ‘முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மரணத்தின் சரித்திரம்’ குறுநாவலில் ஆவணம் வேறு வடிவம் எடுக்கிறது. கொலை நடந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு கதைசொல்லி ஊருக்குத் திரும்புகிறான். ரியோஹாச்சா நீதிமன்றக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடல் நீர் ஏறி, கேஸ் கட்டுகள் மிதக்கின்றன. ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டிய வழக்கில் 322 பக்கங்கள்தான் அவனுக்குத் தேறுகின்றன. கொன்றவர்கள் யார் என்பது முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். கொல்லப்போகிறோம் என்று அவர்களே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். பிறகு ஏன் யாரும் தடுக்கவில்லை என்பதே விசாரணை. 1951இல் கொலம்பியாவின் சுக்ரே நகரில் மார்க்கேஸின் நண்பர் கொல்லப்பட்டதன் நிழல் இந்தக் கதை மேல் படிந்திருக்கிறது. ஒரு கொலையின் விசாரணை ஊர் முழுவதின் மேலான விசாரணையாக விரிவது இந்த வகை நாவல்கள் எட்டிய உயரங்களில் ஒன்று.

சட்டம் வைக்கும் கெடு

இந்தியாவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு மட்டுமே வழக்கை ஏற்கக் காலவரம்பு உண்டு. கொலைக்குக் காலவரம்பு கிடையாது. ஜப்பானில் நிலைமை வேறாக இருந்தது. நெடுங்காலம் அங்கே கொலைக்குப் பதினைந்து ஆண்டுதான் வரம்பு. அதைத் தாண்டிவிட்டால் கொலைகாரன் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். பிறகு அது இருபத்தைந்து ஆண்டாகி, 2010 ஏப்ரலில் மரண தண்டனைக்குரிய கொலைகளுக்கு வரம்பே நீக்கப்பட்டது. ஜப்பானியக் குற்ற நாவல்களில் பழைய வழக்குக்கு இருக்கும் தனி வேகத்துக்கு இந்தச் சட்டம் ஒரு காரணம்.

ஹிடியோ யோகோயாமாவின் ‘சிக்ஸ் ஃபோர்’ (2012) அதன் உச்சம். ஜப்பானில் ஷோவா ஆட்சிக் காலத்தின் 64ஆம் ஆண்டு ஏழே நாட்கள்தான் நீடித்தது. 1989 ஜனவரி 7 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ இறந்ததும் அது முடிந்தது. அந்த ஏழு நாட்களுக்குள் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்படுகிறாள். பதினான்கு ஆண்டுகளாகத் துப்பு துலங்கவில்லை, கெடு முடிய இன்னும் ஓராண்டுதான் பாக்கி. போலீஸ் தலைமை அதிகாரி டோக்கியோவிலிருந்து வந்து சிறுமியின் தந்தைக்கு ஆறுதல் சொல்ல விரும்புகிறார். தந்தை வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். அந்தச் சின்ன மறுப்பு ஏன் என்று விசாரிக்கப் போகிறவர் துப்பறிவாளர் அல்லர், பத்திரிகையாளர்களைச் சமாளிக்கும் செய்தித் தொடர்பு அதிகாரி மிகாமி. அவருடைய மகளும் வீட்டைவிட்டுப் போய்விட்டவள். வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அவர் மனைவி எடுக்கும் வேகத்தை யோகோயாமா காட்டுமிடங்களில், பழைய வழக்கின் துயரம் இன்றைய வீட்டுக்குள் நடமாடுகிறது. யோகோயாமா பன்னிரண்டு ஆண்டுகள் நாளிதழ் நிருபராக இருந்தவர். அலுவலக அரசியலை இவ்வளவு நுட்பமாக எழுத அந்த அனுபவம் கைகொடுத்திருக்கிறது.

அறிவியல் இன்னொரு பக்கத்திலிருந்து கதவைத் திறந்தது. 1980களில் லெஸ்டர் பகுதியில் நடந்த இரண்டு கொலைகளில் ஒன்றைத் தான் செய்ததாகப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் ஒப்புக்கொண்டான். ஜெஃப்ரிஸின் டி.என்.ஏ. சோதனை அவன் செய்யவில்லை என்று காட்டியது. பிறகு ஆயிரக்கணக்கான ஆண்களின் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, 1988இல் உண்மையான குற்றவாளி தண்டிக்கப்பட்டான். அந்தப் புதிய சோதனை ஒரு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் முன் ஒரு நிரபராதியை விடுவித்தது. ஒப்புதல் வாக்குமூலமே பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகு முடிந்த வழக்கு என்று எதைச் சொல்வது? தீர்க்கப்படாத வழக்குகளுக்கென்றே போலீஸ் பிரிவுகள் உருவாயின. மைக்கேல் கானலியின் ஹேரி பாஷ், ஜூசி அட்லர்-ஓல்சனின் கோபன்ஹேகன் ‘டிபார்ட்மென்ட் க்யூ’ போன்ற நாவல் வரிசைகள் அந்தப் பிரிவுகளைக் கதைக்களமாக்கின. இவற்றில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஆய்வக அறிக்கை வந்து முடிச்சை அவிழ்த்துவிடும் கதைகளில் வாசகருக்கு வேலை குறைகிறது. மனிதர்களைப் படித்து அறிய வேண்டிய இடத்தில் இயந்திரம் பதில் சொல்லிவிடுகிறது.

நிரபராதி என்று தெரிந்தால் யாருக்குக் கஷ்டம்?

இதுவரை சொன்ன விடைகளுக்கெல்லாம் அடியில் இருப்பதாகத் தொடக்கத்தில் குறிப்பிட்டதை இப்போது பார்க்கலாம். கிறிஸ்டியின் ‘ஆர்டீல் பை இன்னசென்ஸ்’ (1958) இதை வெளிப்படையாகவே எடுத்துக்கொள்கிறது. வளர்ப்புத் தாயைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற ஜாக்கோ சிறையில் நிமோனியாவில் இறந்துவிட்டான். அவன் சொன்ன சாட்சி கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சாட்சி, விஞ்ஞானி ஆர்தர் கால்காரி, அன்டார்டிகா பயணத்திலிருந்து திரும்புகிறார். அந்த நேரத்தில் ஜாக்கோ என் காரில்தான் இருந்தான் என்று சொல்லக் குடும்பத்தைத் தேடிப் போகிறார். களங்கம் நீங்கியது என்று மகிழ்வார்கள் என்று நினைக்கிறார். ஒருவர் முகமும் மலரவில்லை. ஜாக்கோ செய்யவில்லை என்றால் வீட்டுக்குள் இருக்கும் வேறொருவர் செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் அன்று இரவிலிருந்து ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை மாறுகிறது.

தவறான தீர்ப்பு பலருக்கு வசதியாக இருக்கிறது. செத்துப்போனவன் தலையில் பழியைப் போட்டுவிட்டால் உயிரோடிருப்பவர்கள் தூங்கலாம். உண்மையைத் தேடி வருகிறவர் அந்தத் தூக்கத்தைக் கெடுக்கிறார். அதனால்தான் ‘ஸ்லீப்பிங் மர்டர்’ நாவலில் (1976) தான் புதிதாக வாங்கிய வீட்டில் சிறுவயதில் ஒரு கொலையைப் பார்த்திருக்கிறோம் என்று உணரும் க்வெண்டாவிடம், கிளற வேண்டாம், விட்டுவிடு என்றே மிஸ் மார்பிள் முதலில் சொல்கிறார். துப்பறிவதையே வாழ்க்கை இன்பமாகக் கொண்ட கிழவி அப்படிச் சொல்வது பெரிய விஷயம். உண்மைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கப்போவது குற்றவாளி மட்டுமல்ல என்று அவருக்குத் தெரியும்.

நம் மனதில் பதற்றம் மூள்வது இங்கேதான். சாதாரணத் துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறோம். இந்தக் கதைகளில் உண்மை வெளிவர வேண்டும் என்றும், வெளிவந்தால் இந்த நல்ல மனிதர்கள் என்ன ஆவார்கள் என்றும் ஒரே சமயத்தில் தவிக்கிறோம்.

விடை இல்லாமல் முடிவது

உண்மை கிடைக்காமலே முடிந்தால்? டானா ஃப்ரெஞ்சின் ‘இன் தி வுட்ஸ்’ (2007) அந்தத் துணிச்சலைக் காட்டியது. 1984இல் டப்ளின் அருகே காட்டுக்குள் போன மூன்று பிள்ளைகளில் ஒருவன் மட்டும் கிடைக்கிறான். அவனுடைய காலணிக்குள் இரத்தம், நினைவில் ஒன்றுமில்லை. அவனே வளர்ந்து, பெயரை மாற்றிக்கொண்டு போலீஸ் அதிகாரியாகி, அதே இடத்தில் நடந்த புதிய கொலையை விசாரிக்க வருகிறான். புதிய வழக்கு முடிகிறது, பழைய வழக்கு திறந்தபடியே நிற்கிறது. ஏமாற்றப்பட்டதாகக் கோபப்பட்ட வாசகர்கள் ஏராளம். சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருதும் இதற்கே கிடைத்தது.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஃப்ரெஞ்ச் செய்தது சரி என்பேன். அந்த மனிதன் தன் கடந்த காலத்தைத் தனக்குத்தானே மறைத்துக்கொண்டவன். அப்படிப்பட்டவனுக்கு விடை கைக்கு வந்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும். கல்கி கரிகாலன் கொலையைத் திறந்து வைத்ததற்கும், மார்க்கேஸ் தன் கதையின் மையமான ஒரு கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லாததற்கும் இதே நியாயம்தான். முடிச்சை அவிழ்க்காமல் விட எழுத்தாளருக்கு உரிமை உண்டு. அவிழ்க்க முடியாததன் காரணம் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

நல்ல நாவலை அறிவது எப்படி

இந்த வகையில் நல்லதையும் மற்றதையும் பிரிக்க நான் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறேன். முதலாவது, தீர்வு புதிய பொருளிலிருந்து வருகிறதா, பழைய பொருளின் மறுவாசிப்பிலிருந்து வருகிறதா என்று பார்ப்பது. கடைசி அத்தியாயத்தில் பரணிலிருந்து ஒரு டைரி கிடைத்து எல்லாம் விளங்கினால் அது வெறும் அதிர்ஷ்டம். முதல் அத்தியாயத்திலேயே நம் கண்முன் இருந்ததை நாம் தவறாகப் படித்தோம் என்று காட்டினால் அது கலை. இரண்டாவது, உண்மைக்கு யாராவது விலை கொடுக்கிறார்களா என்பது. யாருக்கும் வலிக்காத உண்மையைத் தேட இருபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியதில்லை.

இவற்றைப் படிப்பதில் கிடைக்கும் இன்பத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் பெயர் செய்தியில் வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிடும் அவசரம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஐந்து பேரும் ஒன்றையே சொன்னாலும் ஆறாவது கேள்வியைக் கேட்டுப் பார் என்று இந்த நாவல்கள் பொறுமையாகச் சொல்லித்தருகின்றன. கரோலின் க்ரேலுக்கு எதிராக வக்கீலும் போலீஸும் சாட்சியும் ஒரே குரலில் பேசியபோது நாமும் தலையாட்டினோம் என்பது அந்தப் புத்தகத்தை முடிக்கும்போது உறைக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ படித்துவிட்டு ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ பக்கம் போகலாம். அதன் பிறகு நிதானமாக ‘சிக்ஸ் ஃபோர்’. எதைப் படித்தாலும், கொலைகாரர் யார் என்று தெரிந்தவுடன் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடாமல் இன்னொரு முறை முதலிலிருந்து படியுங்கள். முதல் வாசிப்பில் குற்றவாளியைத் தேடினீர்கள். இரண்டாம் வாசிப்பில், பழி சுமந்தவரின் ஒவ்வொரு பேச்சையும் செயலையும் நீங்களே எப்படித் தப்பாக எடைபோட்டீர்கள் என்று தெரியவரும். இந்த வகை நாவல் தன் முழுப் பலனையும் தருவது அந்த இரண்டாம் வாசிப்பில்தான்.